மாடியில் புகை

என் தங்கை மகள் கவிநிலா சென்னையிலிருந்து வரும்போது ஒரு கரி அடுப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று கால், உருண்டை வயிறு, மேலே மூடி, மூடியில் ஒரு கைப்பிடி. பஸ்ஸில் இதற்கு அரை டிக்கெட் கேட்டிருப்பார்களே என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நிச்சயதார்த்த வேலை நடக்கிற வீட்டில் என் பேச்சுக்குச் சிரிக்க ஆள் கிடைப்பது கஷ்டம்தான்.

என் பெயர் ஆதிமூலம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவேன். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், வழியனுப்ப வந்தவர்களில் யார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் என் நோட்டில் வராது. இருபத்திரண்டு வருடம் அப்படியே பழகிவிட்டது. இதையும் அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறேன்.

என் தங்கை வேதாவின் கணவர் தருமன். வேங்கிக்காலில் வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளர். ஆறு வருடத்துக்கு முன்னால், ஆபீசுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட நகரில் மாடி வைத்து வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்தது. அவருடைய சொந்த அண்ணன் இருசப்பன் மட்டும் வரவில்லை.

சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கீழ்பென்னாத்தூரில் இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. இன்ன கிழமை இன்னார் மோட்டார் போடுவது என்று முறை உண்டு. வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தம்பியின் முறையில் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டார். தம்பி லீவு நாளில் போய் அதைக் கேட்டார். கேட்ட விதம் சரியில்லை என்பது அண்ணன் கட்சி. பதில் சொன்ன விதம் சரியில்லை என்பது தம்பி கட்சி. அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்காக ஆறு வருடம் பேச்சில்லை. தண்ணீர் என்னவோ இரண்டு பேர் நிலத்துக்கும் பாய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்னால் இருசப்பனுக்குச் சிறுநீரகம் கெட்டு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "ஆபீஸ் வேலையா வேலூர் போறேன், தொணைக்கு வர்றீங்களா மச்சான்" என்று தருமன் என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் வேலைக்கு மச்சான் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நேராக அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். இருசப்பன் எந்த மாடி, எந்த வார்டு எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. லிஃப்ட் வரைக்கும் போனார். கதவு திறந்தது, மூடியது. "கெளம்பலாம் மச்சான், வெயில் ஏறுது" என்று திரும்பிவிட்டார்.

அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதல் வார்த்தை தன்னுடையதாக இருக்கக் கூடாது என்பதும் அவருடைய ஆசை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த மனுஷர் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் கவிநிலாவின் சம்பந்தம் கூடியது. பையன் மாறன், திண்டிவனத்துக்காரன், அவளோடு வேலை செய்கிறவன். ஜெர்மனிக்குப் போக அவனுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போய்விட்டால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவான். அதனால் கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்னால், சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. அது தப்பினால் அவன் ஊரில் இருக்கும் நாட்களில் வேறு நல்ல நாள் இல்லை.

வெள்ளிக்கிழமை என்றதும் கறி இல்லை. கவிநிலா கோழிக்காக வாங்கி வந்த அடுப்புக்குக் காய்தான் கிடைத்தது. எப்போதும் போடுகிற பஜ்ஜி சொஜ்ஜி வேண்டாம், மாடியில் எல்லாரும் நின்றுகொண்டு சுடச்சுடச் சாப்பிடலாம் என்றாள். வேதாவுக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தி வீட்டாரை நிற்க வைத்துச் சாப்பாடு போடுவதா என்றாள். ஆச்சரியமாகத் தருமன் மகள் பக்கம் சாய்ந்துவிட்டார். பத்து நாள் அந்த அடுப்போடுதான் அவருக்குப் பேச்சு. ஆபீசுக்கு விதைக்கு மனு கொடுக்க வருகிறவர்களிடம்கூட அதைப் பற்றிச் சொன்னார்.

அப்படி வியாழக்கிழமை வந்தவர்தான் ராமன், கீழ்பென்னாத்தூர்க்காரர். அடுப்புக் கதையைக் கேட்டுவிட்டு, போகும்போது சொன்னார்: "உங்க அண்ணனுக்கு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்களாம்பா. ஊட்டுக்கு இட்டுனு போவச் சொல்லிட்டாங்களாம். இன்னிக்கோ நாளைக்கோன்னு பேசிக்கறாங்க."

அன்று மாலை தருமன் வீட்டுக்கு வந்து இதை வேதாவிடம் சொன்னார். அவள் அழவில்லை. காலண்டரைப் பார்த்தாள். "சாமி, நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும்" என்றாள். அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு. தட்டு மாற்ற முடியாது. மாறன் போய்விடுவான். அதற்கும் மேலே, நிச்சய நாளில் சாவு விழுந்த பெண் என்று எவராவது ஒரு வார்த்தை விடுவார்கள். அந்த வார்த்தை திண்டிவனம் வரைக்கும் நடந்தே போய்ச் சேர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கே தருமன் மாடிக்கு ஏறிவிட்டார். நானும் ஏறினேன். தாய்மாமனுக்குச் சபையில்தான் வேலை, அதுவரை சும்மா இருப்பானேன். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டு, அவர் வாங்குகிற இடத்திலேயே ஒரு மூட்டை கரி வாங்கியிருந்தோம். புளியங்கட்டைக் கரி. நாலு துண்டு சூடத்தை நடுவில் வைத்துத் தருமன் பற்றவைத்தார். பழைய காலண்டர் அட்டையால் நான் விசிறினேன். முதலில் புகைதான் வந்தது, கட்டிக் கட்டியாக. அக்கம் பக்கத்து மாடிகளில் வடகம் காய வைத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கரி சிவந்து, மேலே சாம்பல் படிகிற வரைக்கும் காயை வைக்கக் கூடாது. அவசரப்பட்டால் தோல் கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். இதை முந்தின ஞாயிறே ஒரு கூடைக் காயை வீணாக்கித் தெரிந்துகொண்டிருந்தார். ஒரு தாம்பாளத்தில் காய் எல்லாம் தயாராக இருந்தது. முழுக் கத்திரிக்காய், முள்கரண்டியால் குத்தியது. பிஞ்சு வெண்டைக்காய், காம்பு நறுக்காமல், நாலு நாலாகத் தண்ணீரில் ஊறிய ஈர்க்குச்சியில் கோத்தது. பரங்கிக்காய்த் துண்டு, சின்ன வெங்காயம், பஜ்ஜி மிளகாய், நாலாக உடைத்த மக்காச்சோளம். கத்திரிக்காய் தவிர மற்றவற்றின் மேலே தயிரும் மிளகாய்த்தூளும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் பூசி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கடலை எண்ணெய் தடவ ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழை.

கத்திரிக்காயை முதலில் வைத்தார். அது மெதுவாக வேகிற காய். வைத்துக் கொஞ்ச நேரத்தில், கைப்பிடிச்சுவர் மேலிருந்த அவருடைய போன் அடித்தது. அவருடைய இரண்டு கையும் கரி. எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மோர் கொண்டு வந்த வேதாவும் பார்த்தாள். 'சரவணகுமார்' என்று இருந்தது. இருசப்பனின் மகன். ஆறு வருடமாக அந்தப் பெயர் அந்தப் போனில் ஒருமுறைகூட வந்ததில்லை.

அடித்து அடித்து நின்றது.

"அண்ணன் போயிட்டாரு" என்றார் தருமன்.

"இன்னா பேசறீங்க" என்றாள் வேதா, குரலைத் தாழ்த்தி. "யாரு சொன்னா உங்களுக்கு? யாரும் சொல்லல. நமக்கு ஒண்ணும் தெரியாது."

எங்கள் பக்கத்தில் இது புரிந்த விஷயம். பங்காளியின் சாவு காதில் விழுந்த நிமிஷத்திலிருந்துதான் தீட்டு. காதில் விழாத சாவுக்குத் தீட்டு கிடையாது. எத்தனையோ கல்யாணங்களில் சேதி கொண்டு வந்தவனை மண்டப வாசலிலேயே உட்கார வைத்து, காபி கொடுத்து, தாலி ஏறிய பிறகு உள்ளே விட்டிருக்கிறார்கள். அவனும் காபியைக் குடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பான். தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. செத்தவர் ஒன்றும் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

தருமன் கத்திரிக்காயைத் திருப்பி வைத்தார். பிறகு, "போன நீங்க வெச்சிக்கோங்க மச்சான்" என்றார். நான் அதைச் சத்தமில்லாமல் ஆக்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அது மறுபடி அதிர்ந்தது. பிறகு இன்னொரு முறை. நாலாவது முறை அதிர்ந்தபோது மணி நாலு ஐந்து. தருமன் என் சட்டைப்பையைப் பார்த்தார், நான் கரியைப் பார்த்தேன். அது நின்ற உடனே என் சொந்தப் போன் அடித்தது. அதிலும் சரவணகுமார்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தீட்டு கிடையாது. நான் மாமன் மச்சான் முறை, பங்காளி இல்லை. நான் எடுத்திருக்கலாம். எடுத்து, கேட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்துகொண்டால் அதை முகத்தில் ஒளித்து வைக்க வேண்டும், சம்பந்தி வீட்டாரிடம் சிரிக்க வேண்டும். தெரிந்து மறைப்பதுதானே பாவம், தெரியாமல் இருப்பதில் என்ன பாவம் என்று ஒரு கணக்குப் போட்டேன். அந்த நேரத்துக்கு அது ரொம்பச் சரியான கணக்காகத் தோன்றியது. போனைக் கவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நாலரைக்கு மாறன் வீட்டார் வந்தார்கள். ஒன்பது பேர். ஹாலில் ஜமக்காளம் விரித்து, பழம், பூ, வெற்றிலை, புடவை எல்லாம் வைத்துத் தட்டு மாற்றினோம். பெண் வீட்டில் பெரியவர் யார் என்று மாறனின் அப்பா கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். "அண்ணன் இருக்காரு. ஒடம்பு சரியில்ல, வர முடியல" என்றார் தருமன். 'இருக்காரு' என்று சொல்லும்போது குரல் கொஞ்சம்கூட இடறவில்லை. வேதா என்னைப் பார்த்தாள். நான் தாய்மாமன் என்ற முறையில் தட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை நேராக நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். வெயில் இறங்கி, மலைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்தது. தருமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டார். கத்திரிக்காயை உரித்து, மசித்து, பச்சை வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் போட்டு வேதாவிடம் கொடுத்தார். வெண்டைக்காயைச் சரியாக மூன்று தடவை திருப்பினார். வழவழப்பு வற்றி, நுனி மட்டும் கருகி வந்தது. பரங்கிக்காயை ஓரத்தில், சூடு கம்மியான இடத்தில் வைத்தார்.

மாறனின் அம்மா பாஞ்சாலை, "இத வாணல்ல வதக்கினா ஆவாதா?" என்று ஆரம்பித்தார். ஒரு வெண்டைக்காயைச் சந்தேகமாகக் கடித்தார். பிறகு யாரும் பார்க்காதபோது இன்னும் இரண்டு ஈர்க்குச்சிகளைக் காலி செய்தார். கடைசியில் அந்தப் பொடிக்கு வேர்க்கடலையை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று வேதாவிடம் கேட்டுப் போனில் பதிந்துகொண்டார். கவிநிலாவும் மாறனும் ஒரே மக்காச்சோளத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

தருமன் யாரிடமும் பேசவில்லை. அவர் அழுததாகச் சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் அழவில்லை. ஒரு காயைக்கூடக் கருக விடவில்லை. அன்று போல அவர் எதையும் அவ்வளவு கவனமாகச் செய்து நான் பார்த்ததில்லை. கவிநிலா ஒரு துண்டுப் பரங்கிக்காயை அவர் வாயருகே நீட்டினாள். வாங்கி மென்றார். மென்றுகொண்டே அடுத்த துண்டைத் திருப்பி வைத்தார்.

மாறன் வீட்டார் ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். வேன் தெருமுனை திரும்பியதும் தருமன் என்னிடம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். சரவணகுமாருக்குப் போட்டார். 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தது. மறுபடி போட்டார், அதே பதில்.

"எத்தினி பேருக்குச் சொல்லணும். பேட்டரி போயிருக்கும்" என்றாள் வேதா. அதைவிட உறுதியான சேதி வேண்டியதில்லை என்று எங்கள் மூவருக்கும் தோன்றியது.

ஊரில் வேறு யாருக்காவது போட்டுக் கேட்டிருக்கலாம். இப்போது எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால், எங்கள் அண்ணன் செத்துவிட்டாரா என்று ஒரு தம்பி ஊர்க்காரனைக் கேட்க முடியுமா? கேட்டால், உனக்கே தெரியாதா என்று திருப்பிக் கேட்பான். உடனே கிளம்பலாம் என்றார் தருமன். சம்பந்தி வீட்டார் ஊர் போய்ச் சேரட்டும், அதற்குள் சேதி பரவினால் நன்றாக இருக்காது, விடிந்ததும் போகலாம் என்றாள் வேதா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு எங்களுக்கு எல்லாமே நியாயமாகப் பட்டது.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வேதாவும் கவிநிலாவும் குளித்துவிட்டுப் பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. கவிநிலாவிடம் அப்போதுதான் சொன்னார்கள். அவள், "நேத்தே தெரியுமாப்பா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். தருமன் கார் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பூக்கடையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கிப் பின்சீட்டில் வைத்தேன். கார் நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் தருமன் ஒன்றுதான் பேசினார். "நாலு தடவ அடிச்சான் மச்சான். சேதி சொல்றவன் நாலு தடவ அடிப்பானா?" என்றார். நான், "சொந்தச் சித்தப்பா ஆச்சே" என்றேன்.

கீழ்பென்னாத்தூரில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சாவு வீடு என்றால் தெருவிலேயே தெரியும். ஷாமியானா இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும், மேளக்காரர்கள் ஓரமாகத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். இங்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. சரவணகுமார் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். கொப்பளிக்காமலே நின்றான்.

"அப்பா உள்ளதான் இருக்காரு" என்றான்.

தருமன் காரிலிருந்து இறங்கி நின்றார். காலில் செருப்பு இருந்தது, அதைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

இருசப்பன் ஃபேனுக்குக் கீழே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கையில் கஞ்சி டம்ளர். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் கத்திரிக்காயும் வெண்டைக்காயும், மேலே ஒரு பெரிய பரங்கிக்காயும். வெண்டைக்காய் வாடியிருந்தது. வெயிலில் சுற்றிய காய் என்று பார்த்ததும் தெரிந்தது.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருசப்பன்தான் பேசினார். "ஊடு தெரிலடா" என்றார்.

தருமன் குனிந்து கட்டைப்பையைப் பார்த்தார்.

"நேத்து வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ராமன் சொன்னான், பொண்ணுக்கு நிச்சயம்னு. மெட்ராஸ் அடுப்புல காய் சுடப்போறீங்கன்னான். அதான் தோட்டத்துல இருந்தத அறுத்து எடுத்துனு வந்தேன். வேங்கிக்கால்ல ஆபீசுக்குப் பின்னாடின்னு மட்டுந்தான் தெரியும். எல்லா ஊடும் ஒரே மாதிரி கீது." மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். "தருமன் ஊடு எதுன்னு கேட்டா, எந்த டிபார்ட்மென்ட்டுங்கறானுங்க. நான் ரெவின்யூன்னேன். அப்படி யாரும் இல்லன்னுட்டானுங்க. நீ ரெவின்யூ இல்லியா?"

"வேளாண்மைண்ணா" என்றார் தருமன்.

ஆறு வருடம் கழித்துத் தம்பி அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியாம போச்சு" என்றார் இருசப்பன். "ஒரு மாடில பொகையா வந்துது. யாரோ குப்ப கொளுத்தறாங்கன்னு நெனச்சோம். ரெண்டு வாட்டி அந்த ஊட்டத் தாண்டித்தான் போனோம். அப்பறம் எனக்கு ஒக்கார முடில. திருப்புடான்னுட்டேன்." கஞ்சியை ஒரு வாய் குடித்தார். "போன் அடிச்சான். கூட்டத்துல ஒனக்குக் கேட்டிருக்காது."

அவர் ஒரு வழியைத் திறந்து வைத்தார். ஆமாம், கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு அதில் நுழைந்து வெளியே வந்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் தருமன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுதுண்ணா" என்றார். "நீ செத்துட்டன்னு நெனச்சேன். சேதி காதுல வுழுந்துட்டா தட்டு மாத்த முடியாதேன்னு எடுக்கல."

உள்ளே இருந்து வந்த பாத்திரச் சத்தம் நின்றது. இருசப்பன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"தட்டு மாத்தியாச்சா?" என்றார்.

"ஆச்சுண்ணா."

"பையன் எப்படி?"

"நல்ல பையன்."

"சரி." டம்ளரைக் கீழே வைத்தார். "நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்."

கோபம் இல்லாமல், குத்திக் காட்டாமல், நடப்பைச் சொல்வதாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மெல்லப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தருமன் அந்த வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஐம்பத்து நாலு வயது ஆள் அழுகிற சத்தம் கேட்க நன்றாக இருக்காது. நான் வெளியே வந்துவிட்டேன்.

சரவணகுமார் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். பின்சீட்டுக் கண்ணாடி வழியாக மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வந்ததும் நிமிர்ந்தான்.

"ஆஸ்பத்திரில யாரும் கைய விரிக்கல, இன்னும் பத்து நாளு இருக்கத்தான் சொன்னாங்க மாமா. நிச்சயத்துக்குப் போவணும்னு அடம்புடிச்சி எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. கார்ல கண்ணாடிய எறக்கிவிட்டு, எந்த ஊட்டு வாசல்ல கோலம் பெருசா கீதுன்னு பாத்துனே வந்தாரு. யாரும் எடுக்கலன்னதும் வெறுத்துப்போய் நான்தான் போன ஆஃப் பண்ணி வெச்சிட்டேன்." வீட்டு ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினான். "உள்ள பேசினது கேட்டுது. சித்தப்பா எடுக்கல, அவருக்குத் தீட்டு. அது புரியுது. உங்களுக்குத் தீட்டு கெடையாதே மாமா. நீங்க ஏன் எடுக்கல?"

சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இருந்தது. நேற்று மாடியில், கரிக்குப் பக்கத்தில் நின்றபோது அது நல்ல பதிலாகத்தான் இருந்தது. அதை இவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் காத்திருந்தான். பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதையாவது அவனிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.